அடக்கி வாசித்த வீடு

தூக்கமில்லாமல், யாரோ என்னைத் திட்டுகிறார்கள் என்று பதறிக்கொண்டிருந்த எனக்கு, தேனியில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் சில வாரங்கள் இருந்த பிறகு மனசு தெளிந்தது. சின்னமனூருக்குத் திரும்பினேன். தெளியாமல் இருந்தது என் வீட்டார்தான்.

என் கணவர் திராட்சைத் தோட்டக்காரர். அவர் பேசினால் அடுத்த தோட்டத்துக்காரர் பதில் சொல்வார். அப்படிப்பட்டவர் என்னிடம் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார். மாமியார் டிவி சத்தத்தை நிறுத்திவிட்டுச் சீரியலில் வாயசைவை மட்டும் பார்த்தார். அரிவாள்மனையை ஒளித்து வைத்துவிட்டதால், கையால் கிள்ள முடிந்த கீரையாகவே தினமும் சமைத்தார்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது, வார்டில் என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் கேட்டார்: "எப்படி இருக்கீக அக்கா?"

"நல்லா இருக்காக சிஸ்டர்," என்றார் கணவர். எனக்கு அவர் மரியாதை கொடுத்தது அன்றுதான் முதல் தடவை.

"தூக்கம்?"

"நல்லாத் தூங்குறா," என்றார் மாமியார்.

"நான் அக்காவைக் கேட்டேன்."

"தூக்கம் வருது சிஸ்டர். ஆனா கண்ணத் தொறந்தா ரெண்டு பேரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக. எனக்குத்தான் பயமா இருக்கு."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கணவரிடம் திரும்பினார். "முன்னாடி வீட்டுல சண்டை போடுவீகளா அண்ணே?"

"எல்லா வீட்டுலயும் போலத்தான்."

"அப்ப எப்பவும் போலப் பேசுங்க. கூடமாட வேலையும் குடுங்க. தூக்கம் கெட்டாலோ, மாத்திரை வேணாம்னாலோ எங்களுக்குப் போன் போடுங்க. அதக் கவனிச்சாப் போதும்."

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். "நாங்க ஏதோ சொல்லப்போய்த்தான் இவளுக்கு இப்பிடி ஆச்சோன்னு இருக்கு தாயி."

இத்தனை நாள் அவர்கள் என்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். நர்ஸ் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களால வரலம்மா. இது வியாதி. சுகரு, பிரஷரு மாதிரி பாத்துக்கிட்டாப் போதும்."

ஊருக்குத் திரும்பப் பஸ் ஏறினோம். வீரபாண்டி தாண்டியதும் மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தச் சேலை ஒனக்கு நல்லாவே இல்ல."

"நீங்க எடுத்துக் குடுத்ததுதான் அத்தை."

இருவரும் சிரித்துவிட்டோம். கணவர்தான் பாவம், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஒருமுறை தூக்கம் கெட்டபோது, நான் சொல்வதற்குள் மாமியாரே நர்ஸுக்குப் போன் போட்டுவிட்டார். என் உடம்பைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். மீதி நேரமெல்லாம் நான் வைக்கும் ரசத்தைப் பற்றித்தான்.