ராகு காலத்தில் வந்த ஆக்சிஜன் வண்டி

அவள் கம்பெனியின் காக்களூர் கிளையிலிருந்து எங்கள் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைக்கு மாற்றலாகி வந்த அன்றே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. அதுவரை கம்ப்யூட்டருக்கு விதி எழுதுகிற ஆள் நான் ஒருவன்தான். எளாவூர் செக்போஸ்ட் தாண்டி வருகிற லாரிகளில் எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று எங்கள் மென்பொருள்தான் வாசல் கேட்டுக்கு முடிவு சொல்லும். கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை. வரிக்கு ஒரு விதி. ஒரே வண்டிக்கு இரண்டு வரிகள் பொருந்தி, ஒன்று ‘விடு’ என்றும் மற்றது ‘நிறுத்து’ என்றும் சொன்னால் வம்பு. அதைக் கண்டுபிடிக்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் முட்டிக்கொள்ளும் வரிகள் சிவப்பாகும்.

வந்த வேகத்தில் என் அட்டவணையில் தேவையற்ற வரிகளை எடுத்துப் பாதியாக்கிவிட்டாள். “இன்னாமா வேல செய்யுது பாரு அந்தப் பொண்ணு!” என்று மேனேஜர் என்னிடமே வந்து மெச்சினார். எப்படி இருக்கும் எனக்கு? டீம் லீடர் பதவி வேறு காலியாக இருந்தது. அது எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லியே வைத்திருந்தேன்.

ஒருநாள் காலை அவள் புதிதாக ஒரு வரி சேர்த்தாள். ஆக்சிஜன் ஏற்றிய வண்டி ரோட்டில் நிற்கக் கூடாது, எந்த நேரமானாலும் உள்ளே விடு. சேர்த்துவிட்டு நாஷ்டாவுக்குப் போனாள். நான் சும்மா இருப்பேனா? பொத்தானை அழுத்தினேன். சிவப்பு!

முட்டியது என்னுடைய பழைய வரியோடு. முதலாளி ராகு காலம் பார்ப்பவர். அதனால் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை எந்த வண்டியானாலும் நிறுத்து என்று எழுதி வைத்திருந்தேன். மாட்டினாயா மகளே என்று மனசு துள்ளியது.

மேனேஜரைக் கையோடு இழுத்துவந்து திரையைக் காட்டினேன்.

“பாருங்க சார், அந்தப் பொண்ணு செக் பண்ணாமலே போட்டுக்கீது. வெள்ளிக்கெழம இந்த வண்டி வந்தா கம்ப்யூட்டரு இன்னா பண்ணும்?”

அதற்குள் அவளும் வந்துவிட்டாள். எட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கும் என்று காத்திருந்தேன், சுருங்கவில்லை.

“ஆமாண்ணா, ரெண்டும் முட்டுது. எது சரின்னு மொதலாளியதான் கேக்கணும்” என்றாள்.

மேனேஜர் போனை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார். முதலாளி வெடித்தார்.

“யோவ், புது மெஷின் வந்தா ராவு காலத்துல எறக்காதன்னுதான்யா சொன்னேன்! ஆக்சிஜன் வண்டிய இத்தினி நாளா வெயில்ல நிக்க வெச்சிக்கினா இருந்தீங்க? எவன்யா எழுதுனது அத?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் விசிறியைப் பார்த்தேன்.

“கண்டுபுடிச்சது அந்தப் பொண்ணு வரியாலதான? லீடர் வேலைய அதுக்கே குடு. இனிமே அது பாக்காம ஒரு ரூலும் போகக் கூடாது” என்று போனை வைத்துவிட்டார்.

பொத்தானை அழுத்தியது என் விரல், ஐயா! என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மேனேஜர் போன பிறகு அவள் என் மேஜைக்கு வந்தாள்.

“நீங்க காட்டலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுண்ணா. ரொம்ப தேங்க்ஸ்” என்றாள்.

கிண்டலாகச் சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். மனதாரச் சொன்னாள், பாவி.