சுண்ணாம்பு தடவிய ஆயில் சேம்பர்

எனக்கு எழுபத்தேழு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்தும் சொந்தக் காலில் நிற்கின்றன. எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும் என்பதால் பேத்தி எழுதுகிறாள். சொல்வது நான்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டோரம் என் வீட்டுக்காரர் பட்டறை வைத்திருந்தார். மலைக்குப் போகும் ஜீப்புகளுக்கு அடியில் கல் இடித்து, எஞ்சின் ஆயில் நிற்கிற தொட்டி நசுங்கிவிடும். ஆயில் சேம்பர் என்பார்கள். அதைக் கழற்றி, உள்பக்கமிருந்து மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்துவது அவர் வேலை. விரிசல் பார்ப்பது என் வேலை. வெளியே சுண்ணாம்பு தடவிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பேன். மயிரிழை விரிசல் இருந்தாலும் வெள்ளையில் ஈரம் தெரியும். ஆனால் சோறு ஆக்கி வடிக்கிற நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பார்த்துக் கொடுத்தது ஒன்றுகூட ஒழுகித் திரும்பி வந்ததில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. எலவனாசூர்கோட்டையிலிருந்து எங்களைப் பார்க்க வந்த என் தங்கை திரும்ப முடியாமல் தங்கிவிட்டாள். சும்மா இருப்பவளா அவள்? பட்டறைக்கு வந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள். அவர் அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த வாரத்தில் வெள்ளிமலை ஜீப் ஒன்று, வெட்டிக் கிடந்த புளியமரத்தில் ஏறி இறங்கி, சேம்பர் நசுங்கி வந்தது. அவர் தட்டி நிமிர்த்தினார். நான் சுண்ணாம்பைத் தேடினால் அது தங்கை கையில்.

"நான் பாக்கறன் மாமா. அக்கா பாத்தா பொழுது பூடும்."

"பாரு, பாரு. நீயாவது சுருக்கா பாரு," என்றார்.

கையிலிருந்த துணியைக் கீழே போட்டேன்.

கொஞ்ச நேரத்திலேயே மண்ணெண்ணெயைக் கொட்டிவிட்டு, "காஞ்சுதான் கீது மாமா, மாட்டுங்க," என்றாள். "கண்ணுன்னா இது கண்ணு," என்று சொல்லிவிட்டு அவர் போல்ட்டு எடுக்க உள்ளே போனார். அவளும் பின்னாலேயே போனாள்.

சுண்ணாம்பைத் துடைக்க நான் துணியை எடுத்தேன். நசுங்கிய இடத்தின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஈரம். நன்றாகப் பார்த்தேன். துடைத்துவிட்டேன்.

அவர் மண்ணில் மல்லாந்து படுத்து எல்லா போல்ட்டையும் முடுக்கினார். புது ஆயில் ஊற்றினார். மலைக்காரர்கள் மூட்டைகளோடு ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அப்போதுதான் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன்:

"நிறுத்துங்க. அதுல விரிசல் கீது."

அவர் அடியில் புகுந்து பார்த்தார். விரலில் ஆயிலோடு வெளியே வந்தார்.

"எப்ப பாத்த?"

"தொடைக்கும்போது."

"பாத்துட்டா தொடைச்ச?" என்றாள் தங்கை. "இன்னாக்கா நீ!"

மலை ஏறும்போது ஆயில் தீர்ந்து வண்டி நின்றுவிடும், அதனால் சொன்னேன் என்று பிறகு ஊரில் சொல்லிக்கொண்டேன். அது பொய். ஆள் கூடட்டும், அவள் தலை குனியட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. எல்லாவற்றையும் மறுபடி கழற்றி, விரிசலைப் பற்றவைத்து மாட்டினார். மறுநாள் தங்கை, வயல்வழியாக உளுந்து ஏற்றிப்போன ஒரு டிராக்டரில் ஏறிப் போய்விட்டாள். அப்புறம் அந்தப் பட்டறையில் அவள் கால் வைக்கவே இல்லை.

அடுத்த சேம்பர் வந்தபோது சுண்ணாம்புக்குக் கையை நீட்டினேன். "நானே பாத்துக்கறன்," என்றார். அன்றிலிருந்து கடைசிவரை அவரேதான் உட்கார்ந்து பார்த்தார். எனக்குத் தரவில்லை. அவளுக்கும் தரவில்லை, அது போதும் எனக்கு.

ஏ பொண்ணே, எங்கயாவது என் தங்கச்சிய நல்லவள்னு எழுதி வெச்சிட்டியா? முதல்லேர்ந்து படி, கேக்கறன்.