மணி அடிப்பதற்குள்

செவிலிமேடு பேருந்தில் இருந்தபோது செல்வி அக்கா போனில் கூப்பிட்டார். "சாலமன் சாரு பூட்டாரும்மா." சாவுச் செய்தியைச் சொன்ன பிறகும் அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பேருந்தின் இரைச்சலை அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வக்கீல் சாலமனை அறிந்தவர்கள் காஞ்சிபுரத்தில் அதிகம். எம்.பி. சாலமனை மறந்தவர்களும் அதிகம். அவர் எம்.பி.யாக இருந்த காலம் முழுவதும் டெல்லியில் அவருடைய உதவியாளராக இருந்தேன்.

செல்வி அக்காவின் கணவர் ஆறுமுகம் சாயப்பட்டறைத் தொழிலாளி. அவர்கள் குடியிருந்த காலனி அருகே இருந்த ரயில்வே கேட்டை நிரந்தரமாக மூடிய பிறகு, தண்டவாளத்தைத் தாண்டித்தான் எல்லோரும் ஊருக்குள் வந்தார்கள். ஒரு காலையில் ஆறுமுகம் தாண்டி முடிக்கவில்லை. இழப்பீட்டு வழக்கில், அத்துமீறியவர் என்றது ரயில்வே தரப்பு. சாலமன் சார் தன் வாதத்தை ஆறுமுகத்தின் சைக்கிளிலிருந்து தொடங்கினார். கேரியரில் இருந்த சாப்பாடு. விரல் இடுக்கில் போகாத சாயம். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் கேட்டார். வழக்கு ஜெயித்தது.

அந்த வழக்குதான் அவரைத் தேர்தலில் நிறுத்தியது. அந்த இடத்தில் சுரங்கப்பாதை. வேறெதையும் சொல்லி அவர் ஓட்டுக் கேட்கவில்லை.

மக்களவையில் பேச மூன்று நிமிடம் கிடைத்தது. முந்தின நாள் சண்டை போட்டோம்.

"சுரங்கப்பாதை வேணும்னு முதல்ல சொல்லிடுங்க சார். கதையை அப்புறம் வச்சுக்கலாம்."

"கதையா? செத்தவன் பேரைச் சொல்லாம கேட்டா அது பிச்சைம்மா. சொல்லிட்டுக் கேட்டாதான் வழக்கு."

"அங்க ஜட்ஜ் இல்ல சார். மணிதான் இருக்குது."

"நம்ம ஊரு கோயில்ல அடிக்காத மணியா?" சிரித்தார்.

மறுநாள் சைக்கிளிலிருந்து தொடங்கினார். சாப்பாடு. சாயம். மணி அடித்தது. "ஆகவே, சபாநாயகர் அவர்களே" என்றார். மைக் அணைந்தது. அடுத்தவர் பேச ஆரம்பித்த பிறகும் இவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

பிறகு மனுக்கள் கொடுத்தோம். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

ஊர் திரும்பியதும் செல்வி அக்கா வீட்டுக்குப் போனோம். டீ கொடுத்தார். "டிவில பாத்துக்கினு இருந்தோம் சார். எங்க வூட்டுக்காரர் பேரு டெல்லில கேட்டுது. பொண்ணு அழுதுடுச்சு." பிறகு, "பாதை எப்ப சார் வரும்? அவளும் அங்கதான தாண்டிக்கினு இருக்குறா" என்றார்.

சாலமன் சார் அந்த டீயைக் குடிக்கவில்லை.

மறுபடி வாய்ப்பு வந்த நாட்களில் அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த தேர்தலில் தோற்றார். கறுப்புக் கோட்டை மீண்டும் மாட்டிக்கொண்டார். ஒருமுறை நீதிமன்ற வாசலில் என்னைப் பார்த்ததும், வேறெதுவும் விசாரிக்காமல், "முதல்லயே கேட்டிருக்கணும்மா" என்றார்.

அஞ்சலிக் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம். மேடையில் இப்போதைய எம்.பி. இருந்தார். "காலனிக்குச் சுரங்கப்பாதை வேண்டும்" என்றுதான் தொடங்கினேன். அவர் தலையாட்டினார். யாருக்காக என்று கேட்கவில்லை. பிறகு சாலமன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கிருந்து என்று தெரியவில்லை. ஆறுமுகத்தின் சைக்கிளிலிருந்து தொடங்கினேன். மணி அடித்தார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தொடக்கம்தான், ஒரு ஆளின் பெயரிலிருந்து தொடங்குவது. செல்வி அக்காவின் மகள் இன்றும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போகிறாள். அவள் பெயர் மேகலா. இப்போதே சொல்லிவிடுகிறேன்.