கோணி எடை கழித்த கணக்கு

பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவள் கணக்கைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிளியனூர் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு உதவியாளராக இருக்கிறேன். எங்கள் அமைப்பாளர் இந்த வருடம் ஓய்வு பெறுகிறார். அந்த வேலைக்கு நான் மனுப் போட வேண்டுமானால் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். அதனால் நாற்பத்தாறு வயதில், பாக்கியிருந்த கணக்குத் தாளைத் தனித்தேர்வராக எழுதத் திண்டிவனம் போனேன்.

ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்று. 25 கிலோ, 50 கிலோ என இருவகை அரிசி மூட்டைகள், மொத்தம் பன்னிரண்டு. எடை 400 கிலோ. வகைக்கு எத்தனை? சமன்பாடுகள் அமைத்துத் தீர்க்கச் சொல்லியிருந்தார்கள்.

x + y = 12 என்று எழுதினேன். அடுத்த வரிக்கு வந்ததும் கை தானாக 400இல் ஆறைக் கழித்தது. எங்கள் பள்ளிக்கு மூட்டை வந்தால் கோணிக்கு அரைக் கிலோ தள்ளித்தான் எழுதுவோம். 25x + 50y = 394.

எல்லாமே சிறிய மூட்டை என்றால் 300 கிலோ. மீதி 94. பெரிய மூட்டை ஒவ்வொன்றுக்கும் இன்னும் 25 வேண்டும். மூன்றுக்குக் கொடுத்ததும் 19 நின்றது. எனக்கு அது தப்பாகப் படவில்லை. எங்கள் பள்ளிச் சாமான் அறையில் பிரித்த மூட்டை ஒன்று எப்போதும் சுவரில் சாய்ந்திருக்கும். பெரியது 3, சிறியது 8, பிரித்தது 1 (44 கிலோ) என்று எழுதினேன். கூட்டிப் பார்த்தேன், 394 சரியாக வந்தது.

பக்கத்து பெஞ்சில் எழுதிய பெண் துணிக்கடையில் வேலை செய்கிறவள். தேர்வு முடிந்து பஸ் நிறுத்தத்தில், தனக்குப் பெரியது நான்கு, சிறியது எட்டு வந்தது என்றாள். நான் எழுதியதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"கேள்வியில கோணியே இல்லியேக்கா. நீங்க எங்கேருந்து கொண்ணாந்தீங்க?"

"பின்ன அரிசி எதுல வரும்?"

"அது பேப்பர்ல வர்ற அரிசிக்கா. அதைப் போய் நிறுத்துக்கினு இருந்தீங்களா?"

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் மற்ற விடைகளைக் கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டியும் முப்பதைத் தாண்டவில்லை. தேற முப்பத்தைந்து வேண்டும்.

மறுநாள் அமைப்பாளர் தேர்வைப் பற்றி விசாரித்தார். அடுத்த முறையும் எழுத வேண்டியிருக்கும் என்றேன். அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றார். எழுபது பேருக்கு உலை வைத்தேன்.