சோற்றுச் சட்டிகள் சவாரி போன வண்டி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரியலூர் ரயில்வே ஸ்டேஷனில், புகை கக்கிக்கொண்டு வந்த ரயிலை ஒற்றை ஆளாக நிறுத்திக் காட்டியவன் நான்.

சரி, பொய். அரியலூரில் ரயில் தானாகவே நிற்கும். அது நின்றபோது நான் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதை பொய்யில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே பேனாவை நிறுத்திவிட்டு, "மாமா, இதாச்சும் நெசமா?" என்று கேட்கிறாள். எழுதும்மா, நிஜந்தான்.

எங்கள் ஊர் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. காற்று எங்கள் பக்கம் அடித்தால் ரயில் கூவுவது கேட்கும். கேட்டதோடு சரி. பிள்ளைகள் யாரும் ரயிலைக் கண்ணால் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஆனால் ரயிலில் மதராஸ் வரைக்கும் போய்வந்ததாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அப்போது நான் ஊர்ப் பண்ணையாரிடம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரிய கூண்டு வண்டி. ஒரு செவலை மாடு, ஒரு மயிலை மாடு. நான் வண்டியின் முன்நுனியில் உட்கார்ந்து ஓட்டலாம். கூண்டுக்குள் உட்காரக் கூடாது, ஏனென்றால் நான் சேரிக்காரன். ஓட்டுவதற்கு ஆள் வேண்டுமே என்பதற்காக முன்நுனி வரைக்கும் அனுமதி. ஆக மாடுகளும் நானும் வெளியே, மற்றவர்கள் உள்ளே. மாடுகளுக்காவது பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பார்கள். அந்தக் கணக்கில் அவை என்னைவிட மேல்சாதி.

அந்த வருஷம்தான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீச்சரம்மா வந்தார். முழு டீச்சர் இல்லை. திருச்சியில் டீச்சர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவர். கொஞ்ச நாள் கிராமத்தில் தங்கிப் பாடம் நடத்திக் காட்டினால்தான் படிப்பு முடியுமாம். சொந்த ஊர் எங்கோ கடற்கரைப் பக்கம். குள்ளமாக, வேகமாக நடக்கிற பெண். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் தனியாகவே பொங்கித் தின்றார். முதல் நாள் கம்பங்கூழைக் குடித்துவிட்டு அவர் மூஞ்சி போன போக்கைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். ஒரு மாசம் கழித்து அவரே கூழுக்குச் சின்ன வெங்காயம் கேட்டு வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவருக்கு வீடு தங்காது. ஒரு வாரம் சந்தை, ஒரு வாரம் ஓடை, ஒரு வாரம் பெரம்பலூர். ஓடையில் சிப்பி மாதிரி இருக்கிற கல்லையெல்லாம் பொறுக்கிவந்து, "இங்க ஒரு காலத்துல கடலு இருந்துச்சுண்ணே. எங்க ஊரு மாதிரியே" என்றார். குடிக்கிற தண்ணீருக்கே ராட்டினம் தேயத் தேய இறைக்கிற ஊரில் கடலாம். "அப்ப மீனெல்லாம் எங்கேங்க போச்சு, கோவிச்சுக்கிட்டா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு மறுபடியும் பொறுக்கப் போய்விட்டார்.

அவருக்குக் கடைசிப் பரீட்சை ஒன்று இருந்தது. பிள்ளைகள் எல்லாரையும் வெளியே ஓர் இடத்துக்குக் கூட்டிப்போய், அங்கேயே பாடம் நடத்த வேண்டும். திருச்சியிலிருந்து பெரிய டீச்சர் வந்து பார்ப்பார். எங்கள் டீச்சரம்மா அரியலூர் ஸ்டேஷனைச் சொல்லிவிட்டார். பெரிய டீச்சர் மத்தியான ரயிலில் வந்து இறங்கி, அடுத்த ரயிலில் திரும்பிவிடுவார். அதற்குள் பிள்ளைகளோடு போய்ச் சேர வேண்டும். போன வருஷம் ஒரு தடவை தவறிப்போனதால், இந்தத் தடவையும் தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான் என்று என்னிடமே சொன்னார்.

பண்ணையார் படிப்பு என்றால் செலவுக்கு அஞ்ச மாட்டார். அவர் பேரனும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். வண்டியைக் கொடுத்தார். வைக்கோல் பரப்பி, மேலே கல்யாண ஜமுக்காளத்தை விரிக்கச் சொன்னார். விடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் தலை வாரிப் பொட்டு வைத்து, சோற்றுச் சட்டியோடு வந்து ஏறிக்கொண்டார்கள். சேரிப் பிள்ளைகள் மூன்று பேர் மட்டும் தள்ளி நின்றார்கள். அதில் ஒருத்தி என் அக்கா மகள்.

பண்ணையார் வாசலில் நின்றபடியே சொன்னார். கோபமாக இல்லை, நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "அந்த மூணும் பின்னால நடந்து வரட்டும்மா. அதுங்களுக்குப் பழக்கந்தான்."

டீச்சரம்மா அந்த மூன்று பேரையும் பார்த்தார். அப்புறம் வண்டியைப் பார்த்தார்.

"அப்ப நாங்களும் பழகிக்கிறோங்கய்யா" என்றார். பிள்ளைகள் பக்கம் திரும்பி, "எல்லாரும் எறங்குங்க" என்றார்.

"என்னம்மா இது? வெயிலு தீயா காயும். அரியலூரு என்ன அடுத்த தெருவா?"

"சாயங்காலத்துக்குள்ள வந்துடுவோங்க. சட்டியெல்லாம் வண்டியில வரட்டும். தூக்கிக்கிட்டு நடந்தா கை வலிக்கும்."

பிள்ளைகள் இறங்கினார்கள். பண்ணையார் பேரன் மட்டும் அசையவில்லை. "நீ உக்காருடா" என்று தாத்தா சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். டீச்சரம்மா சோற்றுச் சட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கி ஜமுக்காளத்தில் வைத்தார். என் அக்கா மகளின் கம்பஞ்சோற்றுச் சட்டியும் உள்ளே ஏறி ஜம்மென்று உட்கார்ந்தது. நான் இத்தனை வருஷம் உட்காராத இடத்தில் எங்கள் வீட்டுச் சட்டி உட்கார்ந்துவிட்டது. எனக்குச் சட்டிமேல் பொறாமையாக இருந்தது.

ரோட்டில் எதிரே வந்த ஒருவர் நின்றே விட்டார். "ஏண்டா, சட்டி பானையெல்லாம் சவாரி போவுது, புள்ளைங்க பொடிநடையா வருது. என்னடா கூத்து?"

"சட்டிக்கெல்லாம் அரியலூர்ல கல்யாணம்ணே. புள்ளைங்க பொண்ணு வூட்டுக்காரங்க" என்றேன்.

வாய்தான் அப்படிப் பேசியது. நேரத்துக்குப் போய்ச் சேருவோமா என்று உள்ளுக்குள் பயம். வெயில் ஏறிக்கொண்டே போனது. பிள்ளைகள் ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் ஓட்டப் பந்தயம் விட்டுக்கொண்டு வந்தார்கள். கூண்டுக்குள் தனியாக இருந்த பண்ணையார் பேரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

"டேய், நிறுத்துடா. நானும் எறங்குறேன்."

"வேணாங்க சின்னையா. உங்க கால் சுட்டுச்சுன்னா தாத்தா என் தோலை உரிச்சுடுவாரு."

நான் சொல்லி முடிப்பதற்குள் குதித்து ஓடிவிட்டான். இப்போது நிஜமாகவே சட்டிகளும் நானும்தான்.

மருதையாற்று மணலில்தான் சனியன் பிடித்தது. மணல் கொதித்தது. டீச்சரம்மாவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஒரு சின்னப் பெண் காலில் முள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். டீச்சரம்மா முள்ளைப் பிடுங்கிவிட்டு, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். நடை பாதியாகக் குறைந்துபோனது. சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. மத்தியான ரயில் கூவிக்கொண்டு வந்து, கூவிக்கொண்டு போனதும் கேட்டது.

நான் வண்டியை நிறுத்தினேன். "டீச்சரம்மா, இப்பிடியே போனா அடுத்த ரயிலும் போயிடும். எல்லாரும் ஏறுங்க. அந்த மூணையும் ஏத்துங்க. இந்தப் பொட்டல்ல யாரு பாக்கப் போறா?"

"பாத்தா உங்களுக்கு வேலை போயிடுமில்ல?"

"போவும்."

"அப்ப வேணாம்ணே." இடுப்பில் இருந்த பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார். "ஒளிஞ்சு ஏறினா ஊரு எல்லையில திரும்ப எறங்கணும். அந்தப் புள்ளைங்களை என் கையாலயே எறக்கிவிடச் சொல்றீங்களா?"

மாட்டை முடுக்கினேன்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது, அடுத்த ரயில் வரப்போகிறது என்று கைகாட்டி இறங்கியிருந்தது. பெரிய டீச்சர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். கண்ணாடி போட்ட, கனத்த அம்மா. எங்கள் கூட்டத்தை ஏற இறங்கப் பார்த்தார். புழுதியில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நிறமாக இருந்தார்கள். யார் எந்தத் தெரு என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

"இதுதான் நீ வர்ற நேரமா?" என்றார்.

டீச்சரம்மா ஒரு சமாதானமும் சொல்லவில்லை. "இப்ப ஆரம்பிச்சிடுறேங்க" என்றார். ரயில் வந்தது. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கக் கொஞ்ச நேரம் நின்றது. பாதிப் பிள்ளைகள் பயந்து அலறினார்கள். பட்டாளத்துக்காரர்கள் ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தார்கள். டீச்சரம்மா எல்லாரையும் எஞ்சின் பக்கம் கூட்டிப்போய், அந்தச் சத்தத்திலும் தொண்டை கிழியப் பாடம் நடத்தினார். தண்ணீர், கரி, நெருப்பு, ஆவி. கேள்வி கேட்டபோது என் அக்கா மகள் பட்டென்று பதில் சொன்னாள். தண்ணியும் நெருப்பும் சேர்ந்தால் ரயில் ஓடுமாம். எங்கள் வீட்டில் தண்ணியும் நெருப்பும் சேர்ந்து கஞ்சிக்குமேல் எதுவும் வந்ததில்லை.

பெரிய டீச்சர் ரயிலில் ஏறப் போனவர், வெளியே நின்ற என் வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "அது உங்க வண்டியா? அவ்வளவு பெரிய வண்டியை வச்சுக்கிட்டு ஏன் நடந்து வந்தீங்க?"

டீச்சரம்மா வாயைத் திறப்பதற்குள் பண்ணையார் பேரன் சொல்லிவிட்டான். "வண்டியில எல்லாருக்கும் எடம் இல்லீங்க."

பெரிய டீச்சர் அந்த வண்டியை இன்னொரு தடவை பார்த்தார். ஜமுக்காளத்தில் சட்டிகள் மட்டும் இருந்தன. அப்புறம் டீச்சரம்மாவின் வெறுங்காலைப் பார்த்தார். ரயில் படியில் ஏறினார். கார்டு விசில் கொடுத்த பிறகு வாசலில் நின்றபடி, "நேரந் தவறினதைக் குறையாத்தான் எழுதுவேன். ஆனா நீ தேறிட்டே" என்றார்.

டீச்சரம்மா அழுவார் என்று நினைத்தேன். "எல்லாரும் சாப்பிடலாமா?" என்றுதான் கேட்டார்.

திரும்பி வரும்போதும் யாரும் வண்டியில் ஏறவில்லை. ஆறு தாண்டியதும் என் அக்கா மகள் வண்டிப் பக்கத்தில் ஓடிவந்தாள். "மாமா, நாங்க எல்லாம் ஒண்ணா நடக்குறோம். நீ மட்டும் ஏன் அங்க குந்தியிருக்க?"

இறங்கினேன். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மாடுகளுக்கு முன்னால் நடந்தேன்.

பொழுது சாய ஊருக்குள் நுழைந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. பண்ணையார் வாசலுக்கு வந்தார். "என்னடா, அச்சு முறிஞ்சுபோச்சா?"

"இல்லீங்க. வண்டி நல்லாருக்குங்க."

"பின்ன நீ ஏண்டா நடந்து வர்ற?"

"ஐயா, இனிமே புள்ளைங்களை ஏத்துறதா இருந்தா எல்லாப் புள்ளைங்களையும் ஏத்தச் சொல்லுங்க, ஓட்டுறேன். இல்லேன்னா வேற ஆளு பாத்துக்குங்க."

பண்ணையார் சிரித்தார். தெருவும் சிரித்தது. நான் வாயைத் திறந்தாலே வேடிக்கைதான் வரும் என்பது அவர்கள் கணக்கு. நான் சிரிக்கவில்லை. கயிற்றை அவர் பக்கமாக நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, "டேய், இங்க வா" என்று...

இருங்கள். கொல்லையிலிருந்து என் பெண்சாதி கத்துகிறாள். ஆடு சோளத்தில் இறங்கிவிட்டதாம். போகாவிட்டால் இன்றைக்குச் சோறு கிடையாது. மருமகளும் பேனாவை மூடப் பார்க்கிறாள். இதை மட்டும் எழுதிக்கொள்ளம்மா: ஊரைச் சிரிக்க வைப்பது எனக்கு என்றைக்கும் சுலபம். அதே ஊர் சிரிப்பை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்க்கும்படி ஒரே ஒரு பேச்சுப் பேசுவதற்குத்தான், அந்த டீச்சரம்மாவோடு அவ்வளவு தூரம் போய்வர வேண்டியிருந்தது.