உடைசல் டின் நைவேத்தியம்

சாமிக்குக் காட்டாத பட்சணத்தை என் கை தொடாது என்று நான் நம்பினேன். மனதார நம்பினேன். ஐம்பது வயதுக்கு மேல் சிலர் சீட்டுக் கம்பெனியை நம்புகிறார்கள், சிலர் முடி வளரும் எண்ணெயை நம்புகிறார்கள். நான் என்னை நம்பினேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறச் சந்து ஒன்றில் இரண்டாவது மாடி எங்கள் ஃபிளாட். என் மனைவி கல்யாணங்களுக்குச் சீர் பட்சணம் செய்து கொடுக்கிறாள். மற்ற வீடுகளில் சோபா இருக்கும் இடத்தில் எங்கள் வீட்டில் டின்கள் இருக்கும். முறுக்கு, தட்டை, தேன்குழல், ஓமப்பொடி. மூலையில் உடைசல் டின் ஒன்று. உடைந்துபோனதைச் சீர்த்தட்டில் வைக்க முடியாதே, அதெல்லாம் அதில் போய்ச் சேரும். அதற்குக் கணக்கு வழக்கு கிடையாது.

ராத்திரி வீடு அடங்கியதும் நான் அந்த டின்களை நலம் விசாரிக்கப் போவேன். பசி என்று நினைத்துவிடாதீர்கள். பசியாக இருந்தால் மரியாதையாகத் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன். எனக்குப் பயம் வந்தால் வாய் எதையாவது நொறுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆபீசில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தால் நாலு தட்டை. நெஞ்சில் வாயு பிடித்தால் மாரடைப்பு என்று முடிவு செய்து, கடைசியாக ஒரு பிடி ஓமப்பொடி. இப்படிப் பல முறை கடைசியாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

அப்புறம் என் தம்பியின் இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்தின.

அவன் தி. நகரில் இருக்கிறான். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவன் மனைவிக்கு ரத்த வகை சேரவில்லை. என்ன செய்வது என்று எல்லோரும் கூடி உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நாளில், மௌனம் தாங்காமல் ஜோக் அடித்தே பழகிய நான், "எங்கிட்ட ரெண்டு இருக்கே, ஒண்ண எடுத்துக்கோயேன்டா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. தம்பி அழுதான். அதற்குமேல் அது ஜோக்காக இருக்க வழியில்லை.

அடையாறில் டாக்டர் அம்மா ஒருவர் என்னைத் தலைமுதல் கால்வரை பரிசோதனை செய்ய வைத்தார். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் பொருந்துது சார். ஆனா சர்க்கரை பார்டர்ல நிக்குது. வயிறு பார்டரத் தாண்டிடுச்சு" என்றார். "ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"

"ரெண்டு இட்லி, டாக்டர்."

"அதுக்கப்புறம்?"

ஒரு பெண்மணி இவ்வளவு பச்சையாகக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொன்னேன். தேன்குழலை மட்டும் மறைத்துவிட்டுச் சொன்னேன்.

"அத நிறுத்துங்க. மூணு மாசம் டைம் தரேன். வயிறு குறையணும், சர்க்கரை இறங்கணும். ஏறிடுச்சுன்னா உங்க கிட்னிய நாங்க தொட மாட்டோம். பின்னாடி அது உங்களுக்கே வேணும்."

எனக்கு விளங்கியது இதுதான்: ராத்திரி நான் வாயை மூடிக்கொண்டால் தம்பிக்குச் சிறுநீரகம் கிடைக்கும். உலகத்தில் இதைவிடச் சுலபமான தியாகம் உண்டா? அன்றிரவு அறுவைசிகிச்சை எப்படிச் செய்வார்கள் என்று ஃபோனில் ஒரு படம் பார்த்தேன். பார்த்து முடிப்பதற்குள் ஒரு பை முறுக்கு காலி.

பல் தேய்த்துவிட்டால் சாப்பிடத் தோன்றாது என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். தேய்த்தேன். பற்பசை வாசனையோடு தேன்குழல் தின்றால் அதிலும் ஒரு ருசி இருப்பது தெரியவந்தது. மனைவி டின்களைப் பரணில் ஏற்றினாள். ஸ்டூல் போட்டு ஏறினேன். ஏறுவதும் ஒரு உடற்பயிற்சிதானே என்று ஸ்டூலின் மேல் நின்றபடியே என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டியிலிருந்து முதலில் எடுப்பது சாமிக்கு. ஒரு சொட்டு தண்ணீர் சுற்றிக் கை காட்டிய பிறகுதான் மனுஷன் வாயில் போடலாம். சின்ன வயதில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், பரீட்சையில் எட்டிப் பார்த்திருக்கிறேன். நைவேத்தியத்துக்கு முன்னால் ஒரு சீடையைக்கூட வாயில் போட்டதில்லை. அந்தப் பயம் எலும்பில் இருக்கிறது.

"எல்லா டின்னையும் பூஜை அலமாரிக்குக் கீழ வெச்சுடு. எதையும் நைவேத்தியம் பண்ணாதே. காலம்பற பாக் பண்ணும்போது பண்ணிக்கோ" என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஏன்னா, போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல படுத்தா மட்டும் திருடன் தூங்கிடுவானா?"

"தூங்குவான். நீ வெச்சுப் பாரு."

தூங்கினான். அதுதான் ஆச்சரியம். பல ராத்திரிகள் அலமாரிவரை போய், சாமி படத்தைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். பேன்ட் தளர்ந்தது. டாக்டர் அம்மாவின் எடை மெஷின்கூட என்னைப் பார்த்துச் சற்று மரியாதையாக நடந்துகொண்டது.

ஒரு நாள் தம்பியைப் பார்க்க டயாலிசிஸ் மையத்துக்குப் போயிருந்தேன். அவன் பக்கத்துப் படுக்கையில் பட்டினப்பாக்கத்துக்காரர் ஒருவர். மீன் வியாபாரம். ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருக்கும்போதும் அவர் வாய் ஓயாது.

"இன்னா சார், தம்பிக்குக் குடுக்கப்போற சாமான் பத்திரமா கீதா?"

"பத்திரமா இருக்கு."

"வயித்தப் பாத்தா மூணு நாலு கீற மாதிரி கீது. எனக்கும் ஒண்ணு எட்த்து வையி நைனா."

தம்பி சிரித்தான். கண்ணெல்லாம் உப்பியிருந்த அந்த முகத்தில் சிரிப்பு வர இடம் தேடிக்கொண்டு வந்தது. "அண்ணா இளைச்சுண்டே வரான், பாத்தேளா?" என்று அவரிடம் பெருமையாகச் சொன்னான். என் உடம்பைப் பற்றி யாராவது பெருமைப்பட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்கு அடுத்த வாரம், டயாலிசிஸ் நடக்கும்போதே தம்பிக்கு ரத்த அழுத்தம் சரிந்து நினைவு தப்பிவிட்டது. ஆம்புலன்ஸ், அவசரப் பிரிவு, கண்ணாடிக் கதவு. சாயங்காலம் கண் திறந்தான். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு அந்த வாக்கியம் போதும், பயப்பட.

வீட்டுக்கு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. அவன் செத்துப்போவான் என்று பயந்தேன். அவனைப் பிழைக்கவைக்க என்னைக் கீற வேண்டும் என்பதற்கும் பயந்தேன். இந்த இரண்டு பயங்களில் எது பெரியது என்று பார்க்கப் பயமாக இருந்தது. எழுந்து அலமாரியின் முன் போய் நின்றேன். உடைசல் டின் நிரம்பியிருந்தது. நைவேத்தியம் ஆகவில்லை.

ஆகவில்லை, அவ்வளவுதானே.

விளக்கை ஏற்றினேன். டின் மூடியைத் திறந்தேன். பஞ்சபாத்திரத்திலிருந்து ஒரு உத்தரணி தண்ணீர் எடுத்து டின்னைச் சுற்றினேன். பாதி மறந்துபோன மந்திரத்தைப் பாதிவரை சொன்னேன். மணி அடிக்க வேண்டும், அடித்தால் மனைவி எழுந்துவிடுவாள். மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு ஆட்டினேன். சாமி ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன். பிறகு பிரசாதத்தை வீணாக்கக் கூடாது என்று, அங்கேயே தரையில் உட்கார்ந்து, டின்னின் அடியில் கை துழாவும்வரை தின்றேன்.

அடுத்த நாளும் நைவேத்தியம். அதற்கடுத்த நாளும். எங்கள் வீட்டுச் சாமிக்கு அவ்வளவு கவனிப்பு எந்தப் பண்டிகைக்கும் நடந்ததில்லை.

திரி கருகியிருப்பதையும் தரையில் தண்ணீர் சொட்டியிருப்பதையும் காலையில் மனைவி பார்த்தாள். சீர் டின்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. உடைசல் டின்னை அவள் திறந்து பார்க்கவில்லை. கணக்கில்லாத டின்னை யார் பார்ப்பார்கள். அவள் வேறு கணக்குப் போட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று எனக்கு மட்டும் காபியில் நுரை கூடுதலாக இருந்தது. அது ஏன் என்று எனக்குத் தம்பி ஃபோன் செய்தபோதுதான் தெரிந்தது.

"மன்னி எல்லாம் சொன்னா அண்ணா."

கையிலிருந்த ஃபோன் வியர்த்தது. "என்ன சொன்னா?"

"ராத்திரி எழுந்துண்டு எனக்காக விளக்கேத்திப் பூஜை பண்றியாமே. அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு மணிகூட அடிக்கறதில்லையாமே." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "தூக்கத்தக் கெடுத்துக்காத அண்ணா. நீ உடம்பப் பாத்துக்கோ."

ஐம்பது வருஷமாக எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற வாய் இது. "சரிடா" என்றது. அன்றிரவு இனி தொடுவதில்லை என்று அதே சாமி முன்னால் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்ய விளக்கு ஏற்றியாயிற்று, தண்ணீரும் கையில் இருந்தது.

மூன்று மாதம் முடிய வந்தது. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மோரும் வெள்ளரிக்காயுமாகக் கிடந்தேன். ரத்தத்தை ஏமாற்றிவிடலாம் என்று எண்ணம். கல்லூரிப் பரீட்சைக்கு நான் படித்ததும் அப்படித்தான்.

"இந்த டெஸ்ட் ரெண்டு நாள் சர்க்கரையக் காட்டாது சார், மூணு மாசத்துச் சராசரியக் காட்டும்" என்றார் டாக்டர் அம்மா. காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். போன தடவை இருந்ததைவிட ஏறியிருந்தது. "சாரி" என்றார். எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தம்பியிடம் சொல்லத் தி. நகருக்குப் போனேன். போகும் வழியெல்லாம் ஒரு ஜோக் யோசித்தேன், கிடைக்கவில்லை. அவனே என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ என்ன அண்ணா பண்ணுவே? பூஜைகூடப் பண்ணிப் பாத்தாச்சு. பகவானுக்கு இஷ்டம் இல்ல."

பகவானுக்கு இஷ்டம் இல்லை என்று சொல்ல முடியாது. தினமும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார். அதை நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி உடைசல் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு முறை குலுக்கிப் பார்த்தாள். சத்தமே வரவில்லை. என்னைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், டின்னை இருந்த இடத்தில் வைத்தாள்.

"அவன்கிட்ட சொல்லிண்டிருக்காதேள்" என்றாள். "அதையாவது நம்பிண்டு இருக்கட்டும்."

தம்பி இப்போதும் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வருகிறான். வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் ராத்திரி இன்னும் தின்கிறேன். விளக்கு ஏற்றுவதில்லை.