மல்லாந்த குடை

என் அலுவலகச் சுவரில் கம்பி வளைந்த ஒரு கறுப்புக் குடை தொங்குகிறது. விளம்பரம் எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் அதை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் பினாங்குத் துறைமுகக் கிடங்கில் கிராணி, அதாவது குமாஸ்தா. பகலெல்லாம் தொங்கான் என்னும் சரக்குப் படகுகளில் வந்திறங்கும் மூட்டைகளைக் குறித்துக்கொள்ளும் வேலை. மாலையில், சூலியா தெருக் குடைக்கடை முதலாளிக்காக, உள்ளூர்ப் பத்திரிகையில் போட விளம்பரம் எழுதிப் பழகினேன். கிடங்குக் கிராணிகள் வெளிவேலை பார்த்தால் சீட்டுக் கிழிந்துவிடும். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

எங்கள் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். மத்தியானத்தில் மூட்டை தூக்குகிறவர்களை உட்காரவைத்து அதே பத்திரிகையை உரக்க வாசிப்பார். விளம்பரங்களை மட்டும் தாண்டிவிடுவார். 'அதியற்புத நூதனச் சீமைக் குடை' என்று எழுதினேன், தாண்டினார். 'சகல சௌந்தரியங்களும் பொருந்திய' என்று எழுதினேன், அதையும் தாண்டினார். "உதில விஷயம் ஒண்டும் இல்லை" என்பார். எனக்கு வயிறு எரியும். முதலாளியும், "ஒருத்தரும் வரலையே தம்பி. இன்னும் ஒரு தடவ எழுதுங்க, அப்புறம் வேணாம்" என்றுவிட்டார்.

அந்த வாரம் பெய்த மழையில் பெரிய கிராணியின் குடை காற்றில் மல்லாந்து, மனிதர் தெப்பமாக நனைந்து வந்தார். அன்று மாலை, மல்லாந்த குடையைத் திருப்பி வாங்கிக்கொள்ள முதலாளியைச் சம்மதிக்க வைத்து, சுருக்கமாக எழுதினேன்: 'துறைமுகத்துக் காற்றில் குடை மல்லாந்து நனைந்தீர்களா? எங்கள் குடையை அங்கேயே விரித்துப் பாருங்கள். மல்லாந்தால் திருப்பிக் கொடுங்கள்.'

மறுநாள் பெரிய கிராணி செய்தி என்றே நினைத்து முதல் வரியை வாசித்தார். அடுத்த வரியில் திடுக்கிட்டு, "அட, உது விளம்பரமெல்லோ!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "எந்தக் கடைங்க ஐயா, அதையும் படிங்க லா" என்றார் ஒருவர். பெரிய கிராணி விலாசத்தையும் வாசித்தார். எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் அவர் கையிலேயே அந்தக் கடைக் குடை இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அதுவும் மல்லாந்தது. நேராக வந்து என் மேசைமேல் வைத்தார்.

"திருப்பிக் குடுக்கலாம் எண்டு எழுதினது நீர்தானே? மாத்திக்கொண்டு வாரும்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். எப்படித் தெரிந்தது என்று அவரே சொன்னார்: "அண்டைக்கு எல்லாரும் சிரிக்கேக்க, நீர் ஒராள்தான் நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தனீர்."

வாசல்வரை போய்த் திரும்பினார். "கடைக்கு வேலை முடிஞ்ச பிறகு போம்."

முதலாளி புதுக் குடை கொடுத்தார். மல்லாந்ததை நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இன்று காலைகூட ஒரு சோப்பு விளம்பரத்தை 'அதியற்புத' என்று ஆரம்பித்தேன். சுவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.